மரைக்குப் பழைய .30-06 போதுமா, புதுத் தோட்டா வேணுமா?

வெள்ளவத்தையான்:

எல்லாருக்கும் வணக்கம். துவக்குச் சமாச்சாரம் தெரிந்தவர்கள் இங்கே நாலைந்து பேர் இருக்கிறீர்கள், அதனால்தான் கேட்கிறேன்.

தம்பி மெல்பனில் இருக்கிறார். விக்டோரியா மாநிலத்துத் துவக்கு அனுமதி, வேட்டை அனுமதி இரண்டும் எடுத்துவிட்டார். மலைக்காட்டில் மரை (கடமான்) வேட்டைக்குப் போவதற்கு இரண்டு பழைய ரைபிள்கள் மலிவாக வருகின்றன. ஒன்று .30-06 தோட்டா போடுகிறது, 1960களில் செய்த போல்ட் ரைபிள் (ஒவ்வொரு வெடிக்கும் பூட்டுத்தண்டைக் கையால் இழுத்துத் தள்ளுவது), 22 அங்குலக் குழல். மற்றது .303 லீ என்பீல்ட் நம்பர் 4, முன்கட்டையை வெட்டி வேட்டைக்கு மாற்றியது. கடையில் நிற்கிற பெடியன் "இதெல்லாம் தாத்தா காலத்துத் தோட்டா, 6.5 கிரீட்மோர் எடுங்கோ, இல்லாட்டி 7 எம்எம் பிஆர்சி எடுங்கோ" என்கிறாராம். புது ரைபிளும் ஸ்கோப்பும் சேர்ந்தால் விலை மூன்று மடங்கு.

அவர் சுடப்போவது கூடினால் 200, 250 மீற்றர். புதுத் தோட்டாக்களில் உண்மையாகவே ஏதும் கூடுதல் இருக்கிறதா, இல்லை விளம்பரமா? பழைய ரைபிள் வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்கவேண்டும்? ஆள் பொறுமைசாலி, சொன்னால் அளந்து பார்ப்பார். எண்ணோடு சொன்னால் நல்லது.

—

குழல்முனை:

முதலில் சட்டம். விக்டோரியாவில் மரை போன்ற பெரிய மானினத்துக்கு நீண்டகாலமாக இருந்துவந்த குறைந்தபட்ச அளவு .270 அங்குலக் குழல்விட்டம், 130 கிரெய்ன் (8.4 கிராம்) சன்னம், அதாவது தோட்டாவிலிருந்து பறந்துபோகிற முனை. 6.5 கிரீட்மோரின் சன்னம் .264 அங்குலம்; அந்த அளவுகோலுக்குள் அது வரவில்லை. சிறிய மான் இனங்களுக்கு .243 போதும், மரைக்குப் போதாது என்றுதான் அந்த விதி இருந்தது. விதிகள் அவ்வப்போது புதுப்பிக்கப்படும். ஆகவே எதை வாங்கினாலும் காசு கொடுக்கமுன் அங்குள்ள வேட்டை முகாமைத்துவ அதிகாரசபையின் நடப்பு விதியைத் தம்பி தன் கண்ணால் வாசிக்கவேண்டும். கடைக்காரர் சொல்லை நம்பி வாங்கினாலும் குற்றம் தம்பியின் பேரில்தான் விழும். .30-06, .303, 7 எம்எம் பிஆர்சி மூன்றும் .270 என்ற கோட்டுக்கு மேலே நிற்பவை.

இடையில் ஒரு விஷயம். விக்டோரியாக் காட்டில் 1860களில் கொண்டுபோய் விடப்பட்ட மரைகளில் நம் நாட்டிலிருந்து போனவையும் உண்டு. அந்தக் காலத்து வெள்ளைக்காரர் இங்கே அதை 'எல்க்' என்று பிழையாக அழைத்தார்கள். ஹோட்டன் சமவெளியில் நாம் நின்று பார்க்கிற அதே விலங்குதான். முற்றிய கிடா 200 கிலோவைத் தாண்டும், தோலும் தோள்பட்டையும் தடிப்பு. புள்ளிமானுக்குச் சரியாக இருந்த சன்னம் இதற்குச் சரிவரும் என்று நினைக்கக்கூடாது.

இனி தோட்டா. .30-06 பிறந்தது 1906. 6.5 கிரீட்மோர் வெளிவந்தது 2007இல், 7 எம்எம் பிஆர்சி 2022இல். நூறு வருடத்துக்கு மேல் இடைவெளி இருக்கிறது என்றதும் வேகம் எங்கேயோ போயிருக்கும் என்று எண்ணத் தோன்றும். அப்படியில்லை. வெடிமருந்தின் சக்தி, பித்தளைக் கோது (மருந்தை அடைத்து வைத்திருக்கிற கூடு) தாங்கும் அழுத்தம் இரண்டுக்கும் எல்லை உண்டு. அமெரிக்கத் தர அமைப்பான எஸ்ஏஏஎம்ஐ விதிக்கிற உச்ச அழுத்தம் .30-06க்கு 60,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல்), கிரீட்மோருக்கு 62,000, பிஆர்சிக்கு 65,000. இவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரே நிறுவனத்தின் ஒரே வகைச் சன்னத்தை (ஹோர்னடி ஈஎல்டி-எக்ஸ்) வைத்து ஒப்பிட்டால்தான் நியாயம். கிரீட்மோரில் 143 கிரெய்ன் (9.3 கிராம்) சன்னம் குழல்வாயை விடும்போது வினாடிக்கு 823 மீற்றர். .30-06இல் 178 கிரெய்ன் (11.5 கிராம்) சன்னம் 838 மீற்றர். 300 மீற்றர் போனதும் கிரீட்மோர் ஏறத்தாழ 685 மீற்றர் வேகம், 2,180 ஜூல் சக்தி; .30-06 ஏறத்தாழ 675 மீற்றர் வேகம், 2,640 ஜூல் சக்தி. அதாவது தாத்தா காலத்துத் தோட்டாவுக்கு நவீன சன்னத்தைப் போட்டால், 300 மீற்றரில் வேகத்தில் ஒரு மயிரிழை பின்னால், சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு முன்னால். சன்னம் கீழே விழுகிற அளவு அந்தத் தூரத்தில் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

பிஆர்சி வேறு கதை. 175 கிரெய்ன், வாயில் 914 மீற்றர், 300இல் ஏறத்தாழ 780 மீற்றர் வேகம், 3,450 ஜூல். உண்மையான முன்னேற்றம், மறுக்கமாட்டேன். ஆனால் அது உங்கள் தம்பியின் 200 மீற்றர்க் காட்டுக்குத் தேவைப்படாத முன்னேற்றம்.

அப்படியென்றால் நூறு வருடத்தில் எதுதான் மாறியது? சன்னமும் குழலின் முறுக்கும். அந்நாளில் வேட்டைச் சன்னம் என்றால் ஈயத்தின் மேல் மெல்லிய செப்புத் தோல், அவ்வளவுதான். கிட்ட நின்று சுட்டால் சிதறும், தூரத்தில் சுட்டால் விரியாது. இப்போது ஈயத்தைச் செப்புத் தோலோடு ஒட்டவைத்த சன்னம், நடுவில் தடுப்புச் சுவர் வைத்த சன்னம், முழுச் செப்புச் சன்னம் எல்லாம் கிடைக்கின்றன. இவை எல்லாவற்றையும் .30-06க்கும் செய்கிறார்கள். புதுமையின் பெரும்பங்கு பழைய தோட்டாவுக்குள் ஏற்கெனவே வந்து உட்கார்ந்துவிட்டது.

முறுக்கு என்பது, குழலுக்குள் இருக்கிற புரி எத்தனை அங்குலத்தில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகிறது என்பது. நீளமான, ஒல்லியான சன்னம் காற்றை நன்றாகக் கிழிக்கும். ஆனால் அதை நிலையாகச் சுழலவைக்க வேகமான முறுக்கு வேண்டும். கிரீட்மோரை 8 அங்குல முறுக்கோடுதான் பிறக்கவைத்தார்கள். கோதையும் கட்டையாக வைத்தார்கள், நீளச் சன்னம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் குட்டையான ரவைக்கூட்டுக்குள் அடங்கவேண்டும் என்பதற்காக. கெட்டித்தனமான வடிவமைப்பு, அதில் சந்தேகமில்லை. .30-06க்கு வழக்கமாக 10 அங்குலம்; 178, 180, 200 கிரெய்ன் சன்னங்களுக்கு அது தாராளம்.

சுவீடன்காரரின் 6.5x55 வந்தது 1894இல். அதன் முறுக்கு ஏறக்குறைய 7.9 அங்குலம். இன்று புதுமை என்று விற்கிற நீளச் சன்னம், வேக முறுக்கு என்ற சேர்க்கையை அவர்கள் அன்றைக்கே செய்துவிட்டார்கள். கிரீட்மோரின் பாட்டன் என்று அதைத் தயங்காமல் சொல்லலாம்.

—

கொட்டாஞ்சேனை இரும்பு:

குழல்முனை தோட்டாவைப் பற்றி வடிவாய்ச் சொல்லிப்போட்டார். நான் துவக்கைப் பற்றிச் சொல்லுறன். பழைய தோட்டா ஒண்டும் செய்யாது, பழைய துவக்குத்தான் கையைக் கடிக்கும்.

.303ஐ முதலில எடுப்பம். இங்க பொலிசும் பாவிச்ச த்ரீ நாட் த்ரீ எண்டு எல்லாருக்கும் தெரியும். 1888இல வந்தது, அப்ப கரிமருந்துத் தோட்டா. 1910இல மார்க் 7 எண்டு 174 கிரெய்ன் கூர்ச்சன்னம், வினாடிக்கு ஏறத்தாழ 744 மீற்றர். இண்டைக்கும் வேட்டைத் தோட்டா 180 கிரெய்ன், 750 மீற்றர், 3,280 ஜூல் அளவிலதான் நிக்குது. உச்ச அழுத்தம் 49,000 பிஎஸ்ஐ. கூட்டவும் ஏலாது. 150 மீற்றருக்குள்ள மரைக்குத் தாராளமாய்க் காணும். அதுக்கு மேல சன்னம் வளைஞ்சு விழும்: 100 மீற்றருக்குச் சரிபார்த்து வச்சால் 200இல ஏறத்தாழ 16 சென்ரிமீற்றர் கீழ போகும்.

.303இல வாற மெய்யான பிரச்சினை கோது கிழியிறது. ஏன் எண்டால், இந்தத் தோட்டாவுக்கு அடியில விளிம்பு இருக்கு. அறைக்குள்ள தோட்டா எவ்வளவு ஆழம் போய் நிக்கவேணும் எண்டதை அந்த விளிம்புதான் தீர்மானிக்கும். போர்க்காலத்தில சேறு, தூசி பட்டாலும் தோட்டா உள்ள போகவேணும் எண்டு அறையைத் தாராளமாய் வெட்டினவை. அதோட, லீ என்பீல்டின்ர போல்ட் பின்பக்கம் பூட்டுறது. சுடேக்க போல்ட் கொஞ்சம் அமுங்கும், கோது முன்னால ஒட்டிக்கொண்டு பின்னால இழுபடும். கடைத் தோட்டாவை ஒருக்காச் சுட்டு விடுறதெண்டால் பெரும்பாலும் தாங்கும். அதே கோதுக்கு மருந்து திருப்பி அடைச்சு அடைச்சுச் சுட்டால் அடியிலிருந்து 8 மில்லிமீற்றர் உயரத்தில மெலிஞ்சு, ஒருநாள் இரண்டாய்ப் பிரியும். முன்பாதி அறைக்குள்ள இறுகி நிக்கும், அடுத்த தோட்டா போகாது. அதை வெளிய எடுக்கத் தனிக் கருவி வேணும்.

கண்டுபிடிக்கிற வழி லேசு. சுட்ட கோதை வெளிச்சத்தில பிடிச்சுப் பாக்கவேணும். அடிக்குக் கொஞ்சம் மேல மினுங்குற வளையம் தெரிஞ்சால் சந்தேகம். பிறகு கடதாசிக் கிளிப் ஒண்டை நிமித்தி, நுனியை 2 மில்லிமீற்றர் மடிச்சு, கோதின்ர வாய்க்குள்ளால விட்டு உள்சுவரில மேலும் கீழும் உரசிப் பாக்கவேணும். அடிப்பக்கத்தில நுனி ஒரு பள்ளத்தில இடறினால் அந்தக் கோதை எறியிறதுதான். விரல் நுனிக்கு அந்த இடறல் தெளிவாய்த் தெரியும், கண்ணுக்குத் தெரியாது.

துவக்கு வாங்கமுன் ஹெட்ஸ்பேஸ் அளக்கவேணும், அதாவது போல்ட் முகத்துக்கும் தோட்டா வந்து நிக்கிற இடத்துக்கும் இடையில உள்ள இடைவெளி. .303இல அது 1.63 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது, 1.88ஐத் தாண்டக்கூடாது. துவக்குத் திருத்துறவையிட்ட அதுக்கு அளவுக்கட்டை இருக்கும். நம்பர் 4இல போல்டின்ர தலை கழற்றிப் பூட்டுறது, 0 தொடக்கம் 3 வரை எண்ணோட நாலு அளவில வரும். ஏற்கெனவே 3ஆம் எண் தலை பூட்டியும் இடைவெளி கூடவாய் இருந்தால் அந்தத் துவக்கை விட்டிடுங்கோ.

குழல்: மார்க் 7 சன்னம் .311 அங்குலம். தேய்ஞ்ச குழலில புரிப் பள்ளத்தின்ர விட்டம் .315, .316 எண்டு போயிருக்கும். அதுக்கு .308 சன்னத்தை அடைச்சால் புரி பிடிக்காது, குறி ஊரெல்லாம் சிதறும். வெறும் தோட்டா ஒண்டின்ர சன்ன நுனியைக் குழல்வாய்க்குள்ள விட்டுப் பாக்கலாம்; கோதின்ர கழுத்துவரை சன்னம் உள்ள போனால் வாய் தேய்ஞ்சு போச்சு. (துவக்கில போல்ட் கழற்றி இருக்கவேணும், மருந்தில்லாத பொம்மைத் தோட்டாவாய் இருக்கவேணும். இதை விளையாட்டாய் எடுக்கக்கூடாது.) பழைய இராணுவத் தோட்டாவின்ர தீப்பொறிக் கலவை உப்பை விட்டுப்போட்டுப் போகும், வெறும் எண்ணெயால துடைச்சால் அது போகாது. கொதிதண்ணி ஊத்திக் கழுவி, காயவிட்டு, பிறகுதான் எண்ணெய். அப்பிடிச் செய்யாத குழல் உள்ளுக்குள்ள அம்மைத்தழும்பு மாதிரி இருக்கும்.

.30-06க்கு இவ்வளவு மினக்கெடத் தேவையில்லை, போல்ட் முன்னால பூட்டுறது. போல்டை வெளிய எடுத்து, அறைப்பக்கம் இருந்து குழலுக்குள்ளால வெளிச்சத்தைப் பாக்கட்டும். செப்புக் கரைக்கிற திரவத்தில நனைச்ச துணியை உள்ள விட்டு 10 நிமிசம் கழிச்சு இன்னொரு துணியால துடைச்சால், நீலம் இல்லாட்டிப் பச்சை நிறம் வந்தால் செப்பு ஒட்டியிருக்கு. நிறம் வாறது நிக்கும் மட்டும் துடைச்சுப்போட்டுத்தான் குழல் நல்லதோ கெட்டதோ எண்டு தீர்மானிக்கவேணும். செப்புப் படிஞ்ச நல்ல குழலை "தேய்ஞ்சது" எண்டு தள்ளி வச்ச ஆக்கள் நிறைய. குழல்வாயின்ர விளிம்பைச் சுத்திப் பஞ்சு சுத்தின குச்சியை உரசினால், பஞ்சு எங்கயும் கொளுவக்கூடாது. கொளுவினால் அந்த இடத்தில கீறல். போல்டின்ர பூட்டுக் காதுகளுக்குப் பின்பக்கம் பள்ளம் விழுந்திருக்கோ, கட்டையில விசைக்குப் பின்னால வெடிப்பு ஓடியிருக்கோ, ஸ்கோப் ஆணிகள் இறுக்கமோ எண்டு பாக்கவேணும். இதுக்கும் ஹெட்ஸ்பேஸ் அளவுக்கட்டை போட்டுத்தான் வாங்கவேணும்.

இரண்டில எது எண்டு கேட்டால் .30-06. கதைக்கவே தேவையில்லை.

—

நெடுந்தூரம்:

மேலே சொன்னவை எல்லாம் சரி, ஆனால் தராசு பழையதின் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. மூன்று விஷயத்தை நேராக்கவேண்டும்.

ஒன்று, உதை. ஏறத்தாழ 3.6 கிலோ ரைபிளில் .30-06, 180 கிரெய்னின் உதை 27 ஜூல் அளவில் வரும். கிரீட்மோர் 17. பிஆர்சி 33க்கும் மேல். இது எண்ணிக்கை மட்டும் இல்லை. உதைக்குப் பயந்து விசையை இழுக்கும் கணத்தில் கண்ணை மூடித் தோளை முன்தள்ளுகிறவர், எந்தத் தோட்டாவாலும் மரையின் நெஞ்சில் வைக்கமாட்டார். புதிதாகத் தொடங்குகிறவருக்குக் கிரீட்மோரின் உண்மையான பெருமை காற்றைக் கிழிப்பதில் இல்லை, இந்த மென்மையில்தான் இருக்கிறது. தம்பிக்குச் சட்டப்படி அது சரிவராதென்றால், .30-06இல் உதையைக் குறைக்கவேண்டும்: பழைய கல்லான ரப்பரைக் கழற்றி நல்ல மெத்தைப் பட்டை பூட்டலாம், 180க்குப் பதில் 150 அல்லது 165 கிரெய்ன் போடலாம், இரண்டு காதுக்கும் மூடி. வெடிச்சத்தம்தான் பாதி உதை.

இரண்டு, காற்று. நம் ஊர்ப் பிள்ளைகள் காலிமுகத்திடலில் பட்டம் விடுகிற அளவு காற்று, வினாடிக்கு 4 மீற்றர், குறுக்கே அடிக்கிறது என்று வையுங்கள். 300 மீற்றரில், அதாவது அந்தத் திடலின் நீளத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே, .30-06 ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் தள்ளிப்போகும், கிரீட்மோர் 13, பிஆர்சி 10. 300இல் இது பெரிய வித்தியாசம் இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 500, 600 என்று போனால் இடைவெளி விரியும். புதுத் தோட்டாக்கள் அந்தத் தூரத்துக்காகப் பிறந்தவை. திறந்த மலைச்சரிவில் குறுக்காகச் சுடுகிறவர் அவற்றை வாங்குவதில் தவறே இல்லை.

மூன்று, 22 அங்குலக் குழல். பெட்டியில் அச்சடித்த வேகம் 24 அங்குலச் சோதனைக் குழலில் எடுத்தது. ஓரங்குலம் குறைந்தால் வினாடிக்கு 6, 7 மீற்றர் குறையும். ஆகவே அந்த 838 தம்பியின் கையில் 825 ஆகத்தான் இருக்கும். வேகமானி வைத்து ஐந்து தடவை சுட்டு அளந்து, அந்த எண்ணை வைத்துத்தான் கணக்குப் போடவேண்டும்.

இன்னொன்று, பழையவை எல்லாம் .30-06 மாதிரித் தப்பவில்லை. .270 வின்செஸ்டர் 1925இல் வந்தது. 130 கிரெய்ன், 933 மீற்றர் வேகம், இன்றைக்கும் அருமையான வேட்டைத் தோட்டா. ஆனால் அதன் 10 அங்குல முறுக்கு 150 கிரெய்னுக்கு மேற்பட்ட நீளச் சன்னத்தை நிலைநிறுத்தத் திணறும். அதே விட்டத்துச் சன்னத்தோடு 2021இல் வந்த 6.8 வெஸ்டர்னுக்கு 7.5 அல்லது 8 அங்குல முறுக்கு, 165, 175 கிரெய்ன் சன்னம் போகும். இங்கே புதியது பழையதை உண்மையாகவே தாண்டியிருக்கிறது. காரணம் கோது இல்லை, குழல். .270 வைத்திருப்பவர் 130, 140 கிரெய்னோடு திருப்தியாக இருந்தால் மாற்றத் தேவையில்லை. 170 கிரெய்ன் போட ஆசைப்பட்டால் குழலையே மாற்றவேண்டும்.

—

வெள்ளவத்தையான்:

மூவருக்கும் மிக்க நன்றி. தம்பிக்கு அப்படியே அனுப்பினேன், .30-06ஐ முன்பணம் கொடுத்து ஒதுக்கிவைத்துவிட்டார். துவக்குத் திருத்துபவர் ஹெட்ஸ்பேஸ் பார்த்தார், சரி. துணி மூன்று தடவை நீலமாக வந்து நாலாந்தடவை சுத்தமாக வந்ததாம்.

இன்னும் இரண்டு கேள்வி. முறுக்கு 10 அங்குலம்தானா என்று எப்படி உறுதிப்படுத்துவது? தோட்டா மூன்று வகை அங்கே கிடைக்கிறது: மலிவான 150 கிரெய்ன் மென்முனை, 178 ஈஎல்டி-எக்ஸ், 180 கிரெய்ன் ஒட்டுச் சன்னம். எதை எடுத்து எத்தனை மீற்றருக்குச் சரிபார்த்து வைப்பது?

—

குழல்முனை:

முறுக்கு அளப்பது ஐந்து நிமிட வேலை. துப்புரவுக் கம்பியின் கைபிடி தானாகச் சுழலக்கூடியதாக இருக்கவேண்டும். நுனியில் இறுக்கமான துணி, போல்டைக் கழற்றிவிட்டு அறைப்பக்கத்தால் புரிக்குள் தள்ளவேண்டும். கம்பியின் உச்சியில் ஒரு புள்ளி, குழலின் அல்லது அறையின் விளிம்புக்கு நேரே கம்பியில் ஒரு கோடு. மெதுவாக இழுத்து, உச்சிப் புள்ளி ஒரு முழுச் சுற்று வந்த இடத்தில் இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் இடையில் 254 மில்லிமீற்றர் வந்தால் 10 அங்குலம். துணி தளர்ந்திருந்தால் வழுக்கி, பிழையான அளவு காட்டும்; மூன்று தடவை அளந்து ஒரே எண் வருகிறதா என்று பார்க்கட்டும்.

சன்னம். தம்பி போகிற மாதிரியான காட்டில் மரை பெரும்பாலும் பற்றைக்குள்ளிருந்து 40, 60, 100 மீற்றரில் எழும்பும். அந்தத் தூரத்தில் சன்னம் இன்னும் முழு வேகத்தில் இருக்கிறது. மெல்லிய தோல் சன்னம் தோள் எலும்பில் பட்டதும் உடைந்து, நெஞ்சறைக்குப் போகாமல் மேல் தசையிலேயே நின்றுவிடக்கூடும். விலங்கு காயத்தோடு பள்ளத்தாக்குக்குள் இறங்கி ஓடி, இரண்டு நாள் துன்பப்பட்டுச் சாகும். இதைத்தான் எந்த வேட்டைக்காரரும் தவிர்க்கவேண்டும். ஈஎல்டி-எக்ஸ் நல்ல சன்னம், ஆனால் அது தூரத்தில் வேகம் குறைந்தபிறகும் விரியவேண்டும் என்று செய்த சன்னம். கிட்டத்தில் பெரிய எலும்புக்கு என் முதல் தெரிவு இல்லை. 180 கிரெய்ன் ஒட்டுச் சன்னத்தை எடுக்கச் சொல்லுங்கள். நெடுந்தூரம் சொன்ன உதை தொந்தரவாக இருந்தால் 165 கிரெய்ன் முழுச் செப்பும் நல்லது. செப்பு விரிய வினாடிக்கு ஏறத்தாழ 600 மீற்றர் வேகம் மிஞ்சியிருக்கவேண்டும்; .30-06இல் 300 மீற்றர்வரை அந்தக் கவலை இல்லை. மலிவான 150ஐப் பயிற்சிக்கு வாங்கலாம், ஆனால் அதை வைத்துக் குறியைச் சரிபார்த்துவிட்டு 180ஐக் கொண்டு காட்டுக்குப் போகக்கூடாது. இரண்டும் ஒரே இடத்தில் படாது, சிலவேளை 100 மீற்றரிலேயே ஒரு கையகலம் விலகும்.

சரிபார்க்கும் ஒழுங்கு இப்படி. துடைத்த குழலில் முதல் இரண்டு மூன்று வெடி எங்கேயாவது போகும், அவற்றைக் கணக்கில் எடுக்கவேண்டாம். பிறகு 25 மீற்றரில் குறிவைத்த புள்ளியிலேயே பட வையுங்கள். ஸ்கோப் குழலுக்கு ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் மேலே இருப்பதால், அங்கே சரியாகப் பட்டால் 100 மீற்றரில் 6 சென்ரிமீற்றர் மேலே படும். 100க்குப் போய் மூன்று மூன்றாகச் சுட்டு, ஒவ்வொரு மூன்றுக்கும் இடையில் குழலைத் தொட்டுப் பார்க்கக்கூடிய சூட்டுக்கு ஆறவிட்டு, அந்த 6 சென்ரிமீற்றரை உறுதிசெய்யவேண்டும். கால் எம்ஓஏ ஸ்கோப்பில் (எம்ஓஏ என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு) ஒரு கிளிக் 100 மீற்றரில் 7 மில்லிமீற்றர். மூன்று துளையும் 5 சென்ரிமீற்றருக்குள் அடங்கினால் மரைக்குப் போதும், அதற்குமேல் கடதாசியோடு மல்லுக்கட்டத் தேவையில்லை.

இப்படி வைத்தால் 200இல் நேர், 250இல் ஏறத்தாழ 9 சென்ரிமீற்றர் கீழே, 300இல் 24 சென்ரிமீற்றர் கீழே. மரையின் நெஞ்சறை 25 சென்ரிமீற்றருக்குக் குறையாது, ஆகவே 250வரை நடுவில் குறிவைத்தால் போதும், கணக்கே தேவையில்லை. 250ஐத் தாண்டினால் சுடாமல் கிட்டப் போகச் சொல்லுங்கள். இந்த எண்கள் 178இன் கணக்கு. 180 ஒட்டுச் சன்னம் காற்றைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும், 250இல் ஓரிரு சென்ரிமீற்றர் இன்னும் கீழே வரும். 200 மீற்றரில் ஒருதடவை கடதாசியில் சுட்டுப் பார்ப்பது கட்டாயம்.

—

கொட்டாஞ்சேனை இரும்பு:

கடைசியாய் இரண்டு சொல்லிப்போட்டுப் போறன்.

வேட்டைக் கூட்டத்தில ஆராவது .308 ரைபிள் கொண்டு வந்தால், தோட்டாப் பெட்டியைக் கலக்க விடாதேங்கோ. .308இன்ர சன்னமும் .30-06இன்ர சன்னமும் ஒரே விட்டம், கோதின்ர அடியும் ஒண்டு, நீளம் மட்டும் 12 மில்லிமீற்றர் குறைவு. .308 தோட்டா .30-06 அறைக்குள்ள போய் வெடிக்கவும் வெடிக்கும். முன்னால பிடிமானம் இல்லாமல் கோது ஊதிக் கிழிஞ்சு, வாயு போல்ட் பக்கத்தால முகத்துக்கு வரும். பெட்டியில எழுதினதைப் பாத்தாக் காணாது. ஒவ்வொரு கோதின்ர அடியிலயும் பொறிச்சிருக்கிற எழுத்தை வாசிச்சுத்தான் ரவைக்கூட்டுக்குள்ள அடைக்கவேணும். 7 எம்எம் பிஆர்சிக்கும் 7 எம்எம் ரெமிங்டன் மேக்னமுக்கும் இதே எச்சரிக்கைதான். பேர் ஒண்டு மாதிரி, தோட்டா வேற.

மற்றது, தம்பி லீவுக்குக் கொழும்புக்கு வரேக்க வேட்டைக்குக் கொண்டுபோற பையையும் ஜாக்கெட்டையும் கொண்டுவரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. பையின்ர அடித்தையலுக்குள்ள ஒரு உயிர்த்தோட்டா மறைஞ்சிருந்தாலும் கட்டுநாயக்காவில ஸ்கானர் காட்டிக் குடுக்கும். எங்கட சட்டத்தில அனுமதி இல்லாமல் ஒரு ரவை வச்சிருந்தாலும் வழக்குத்தான், "மறந்துபோய் வந்தது" எண்டு சொல்லித் தப்பேலாது. நினைவுக்கு எண்டு வெற்றுக் கோதும் வேண்டாம்.